வத்திராயிருப்பு தந்த விஞ்ஞானி



மதுரையிலிருந்து தென்மேற்கே பேருந்தில் போனால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஓர் ஊர் வரும். அதன் பெயர் வத்திராயிருப்பு. பேச்சு வழக்கில் வத்திராப் என்பார்கள். ஊரைச் சுற்றிலும் வயல்களும் தென்னந்தோப்புகளும் இருக்கும். நிமிர்ந்து பார்த்தால் சதுரகிரி மலை தெரியும். ஆடி அமாவாசைக்கு மலையேறப் போகிறவர்கள் இந்த ஊர் வழியாகத்தான் தாணிப்பாறைக்குப் போவார்கள். உங்களில் சிலரும் அம்மா, அப்பாவுடன் போயிருப்பீர்கள்.

இந்த ஊரில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற இயற்பியல் விஞ்ஞானியான கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். சுருக்கமாக, கே.எஸ். கிருஷ்ணன்.

இப்போதெல்லாம் செய்தித்தாளைத் திறந்தால் குவாண்டம் கம்ப்யூட்டர் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது. பெங்களூருவிலும் வெளிநாடுகளிலும் சின்னச் சின்னப் புதிய நிறுவனங்கள்கூட அதைச் செய்து பார்க்கின்றன. அவர்களுடைய பெரிய தலைவலி என்ன தெரியுமா? பிழை! அந்தக் கம்ப்யூட்டர் ஓயாமல் தப்புக் கணக்குப் போடும். பிழையை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படித் திருத்துவது என்பதுதான் அவர்களின் ஆராய்ச்சி.

கிருஷ்ணன் 1961-இலேயே மறைந்துவிட்டார். குவாண்டம் கம்ப்யூட்டரை அவர் பார்த்ததே இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிவது பிழையா, உண்மையா என்ற கேள்வியோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டியவர் அவர். அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

மலையடிவாரத்திலிருந்து மதுரைக்கு

கிருஷ்ணனின் தந்தை விவசாயம் செய்தவர். தமிழிலும் வடமொழியிலும் நல்ல புலமை உள்ளவர். எனவே வயலும் வரப்பும், பாட்டும் இலக்கியமுமாக வளர்ந்தான் சிறுவன் கிருஷ்ணன். பெரிய விஞ்ஞானி ஆன பிறகும் அந்த இலக்கிய ஆசை அவரை விட்டுப் போகவில்லை.

சொந்த ஊரில் ஆரம்பப் படிப்பு. பிறகு பக்கத்தில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அந்தப் பள்ளியில் பாடம் நடத்திய ஓர் ஆசிரியர்தான் அவருக்கு அறிவியலில் ஆசையை ஊட்டினார். உலகம் புகழ்ந்த விஞ்ஞானிக்கும் விதை ஊன்றியது ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார்தான், பார்த்தீர்களா?

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மதுரைக்கு வந்தார். வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் பக்கம் இருக்கிறதே அமெரிக்கன் கல்லூரி, அங்கேதான் படித்தார். அடுத்த முறை அந்தச் சிவப்புக் கட்டடங்களைத் தாண்டிப் பேருந்தில் போகும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. பட்டம் பெற்றதும் அதே கல்லூரியில் வேதியியல் துறையில் செய்முறை விளக்குநர் வேலை கிடைத்தது. அங்கே மதிய உணவு இடைவேளையில் ஒரு வேடிக்கை நடக்கும். இயற்பியல், வேதியியல், கணக்கு என்று எதில் சந்தேகம் இருந்தாலும் மாணவர்கள் கிருஷ்ணனிடம் வந்து கேட்கலாம். பாடத்திட்டம் கிடையாது, தேர்வு கிடையாது. கேள்வியும் பதிலும்தான். செய்தி பரவியது. மற்ற கல்லூரி மாணவர்களும் தேடி வர ஆரம்பித்துவிட்டார்கள்! சந்தேகம் கேட்பதை அவமானமாக நினைக்காதவர்கள்தான் அறிவியலில் முன்னேற முடியும் என்பதற்கு இது ஒரு நல்ல உதாரணம்.

கல்கத்தாவில் ஒரு குரு

அந்த நாளில் கல்கத்தாவில் சர் சி.வி. ராமன் என்ற தமிழ் விஞ்ஞானி ஒளியைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். திருச்சிக்காரர். கல்கத்தா பவ்பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற ஆய்வுக்கூடம் இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876-இல் தொடங்கியது அது. ராமன் அங்கேதான் ஆராய்ச்சி செய்தார்.

கிருஷ்ணன் 1920-இல் கல்கத்தாவுக்கு ரயிலேறினார். 1923 முதல் ராமனோடு சேர்ந்து ஆராய்ச்சியில் இறங்கினார். ராமனும் கிருஷ்ணனும் ஒரே ஆய்வுக்கூடத்தில்! பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள்.

ஒளி ஒரு பொருளின் மீது பட்டால் நாலா பக்கமும் சிதறும். இதற்கு ஒளிச்சிதறல் என்று பெயர். வானம் நீலமாகத் தெரிவதற்குக் காற்றில் நடக்கும் இந்தச் சிதறல்தான் காரணம். திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று ராமனும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்து வந்தார்கள்.

1923-ஆம் ஆண்டு கே.ஆர். ராமநாதன் என்ற மாணவர் தண்ணீரில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். உள்ளே அனுப்பிய நிறத்தின் ஒளி சிதறி வந்தது. அது எதிர்பார்த்ததுதான். அதோடு சேர்ந்து வேறு நிறத்தில், மிக மிக மங்கலாக, இன்னொரு ஒளியும் வந்தது. இது எங்கிருந்து வந்தது?

நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? தண்ணீரில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அதுதான் ஒளிர்கிறது என்று நினைப்பீர்கள். அவர்களும் முதலில் அப்படித்தான் சந்தேகப்பட்டார்கள். சில பொருள்கள் ஒரு நிற ஒளியை வாங்கிக்கொண்டு வேறு நிறத்தில் ஒளிர்வது உண்டு. துளி அழுக்கு இருந்தாலும் போதும், இப்படி ஏமாற்றிவிடும்.

ஆகவே திரவத்தைக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்தார்கள். மங்கல் ஒளி போகவில்லை. மறுபடியும் சுத்தம் செய்தார்கள். அப்போதும் போகவில்லை. அடுத்த ஆண்டுகளில் கிருஷ்ணனும் பல திரவங்களைச் சுத்தம் செய்து பார்த்தார். அந்த மங்கல் ஒளி பிடிவாதமாக அங்கேயே இருந்தது!

இங்கேதான் ஒரு நல்ல விஞ்ஞானிக்குச் சோதனை. இது ஏதோ பிழை, விட்டுத் தள்ளு என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆதாரம் இல்லாமல் புதிய கண்டுபிடிப்பு என்று குதித்திருந்தால் உலகம் சிரித்திருக்கும். இரண்டையும் அவர்கள் செய்யவில்லை. காத்திருந்தார்கள், திரும்பத் திரும்பச் சோதித்தார்கள்.

இரவு ஒன்பது மணிக்கு வந்த குரு

1928-ஆம் ஆண்டு பிறந்தது. கிருஷ்ணனுக்கு அப்போது வயது 29. கொஞ்ச காலமாக அவர் காகிதமும் பேனாவுமாகக் கணக்குப் போடும் ஆராய்ச்சியிலேயே மூழ்கியிருந்தார். சோதனைச்சாலைப் பக்கம் போவது குறைந்திருந்தது. விஞ்ஞானி ஒருவன் சோதனைகளிலிருந்து விலகியே இருப்பது நல்லதல்ல என்று ராமன் அவருக்கு எடுத்துச் சொன்னார். கிருஷ்ணன் உடனே கருவிகளின் பக்கம் திரும்பினார். தினமும் செய்ததைத் தமது நாட்குறிப்பில் எழுதியும் வைத்தார்.

சோதனை எப்படி நடந்தது தெரியுமா? சூரிய ஒளியைக் குவித்து ஒரு கண்ணாடி வடிகட்டி வழியே அனுப்புவார்கள். அது நீலம், ஊதா நிறங்களை மட்டும் உள்ளே விடும். அந்த நீல ஒளி ஒரு குடுவையில் உள்ள திரவத்தின் மீது படும். சிதறி வரும் ஒளியைப் பக்கவாட்டில் இருந்து பார்க்க வேண்டும். பார்க்கும் இடத்தில் இரண்டாவது வடிகட்டியை வைப்பார்கள். அது நீலத்தைத் தடுத்துவிடும். பச்சை, மஞ்சளை மட்டும் விடும்.

கொஞ்சம் யோசியுங்கள். உள்ளே போனது நீலம் மட்டும்தான். பார்க்கும் இடத்தில் நீலத்துக்குத் தடை. அப்படியானால் எதுவும் தெரியக் கூடாது. இருட்டாகத்தான் இருக்க வேண்டும், சரிதானே? ஆனால் இருட்டாக இல்லை. மங்கலான ஒளி ஒன்று தெரிந்தது. ஒளி தன் நிறத்தை மாற்றிக்கொண்டு வெளியே வந்திருந்தது!

இது அழுக்கின் வேலை இல்லை என்று எப்படி உறுதி செய்வது? கிருஷ்ணன் பல வழிகளில் சோதித்தார். முதல் வழி, திரவங்களை நன்றாகச் சுத்தம் செய்வது. இரண்டாவது வழி, ஒன்றோடு நிறுத்தாமல் பல திரவங்களை எடுத்துப் பார்ப்பது. ஒரு திரவத்தில் அழுக்கு இருக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி அழுக்கு இருக்குமா? அவர்கள் ஆராய்ந்த திரவங்கள் மட்டும் சுமார் 60. கூடவோ குறையவோ, எல்லாவற்றிலும் அந்த ஒளி தெரிந்தது. மூன்றாவது வழி, திரவத்தை விட்டு ஆவியிலும் பார்ப்பது. அங்கேயும் தெரிந்தது.

நான்காவது வழிதான் கெட்டிக்காரத்தனம். சிதறி வந்த ஒளியை ஒரு தனி வகைப் படிகத்தின் வழியே பார்த்து, அந்தப் படிகத்தை மெல்லச் சுழற்றினார். அழுக்கினால் வரும் ஒளிர்வாக இருந்தால் படிகத்தைச் சுழற்றும்போது வெளிச்சத்தில் பெரிய மாற்றம் இருக்காது. ஆனால் இந்த ஒளி, சுழற்றச் சுழற்ற நன்றாகக் கூடிக் குறைந்தது. ஆகவே இது ஒளிர்வு அல்ல, சிதறல்தான் என்று தெளிவாகிவிட்டது.

பிப்ரவரி 7-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. இரவுச் சாப்பாடு முடிந்து கிருஷ்ணனும் வெங்கடேஸ்வரன் என்ற இன்னோர் ஆய்வாளரும் அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்பது இருக்கும். வாசலில் கிருஷ்ணனை அழைக்கும் குரல் கேட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தால், பேராசிரியர் ராமனே வந்து நிற்கிறார்! அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் பார்த்தது இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்த விளைவேதான் என்று சொல்லத்தான் மாணவன் வீடு தேடி வந்திருக்கிறார். தெருவிலேயே நின்று கால் மணி நேரத்துக்கும் மேல் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்த விவரமெல்லாம் கிருஷ்ணனின் நாட்குறிப்பில் இருக்கிறது.

பிப்ரவரி 28-ஆம் தேதி பாதரச விளக்கையும் நிறமாலை காட்டும் கருவியையும் வைத்துப் பார்த்தபோது, புதிய நிறக்கோடுகள் தனித்தனியாகத் தெளிவாகத் தெரிந்தன. அந்த நாளைத்தான் 1987 முதல் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். இந்தக் கண்டுபிடிப்பைச் சொல்லும் கட்டுரை ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் 'நேச்சர்' என்ற ஆங்கில இதழில் 1928 மார்ச் 31 அன்று வெளியானது.

படியா, சரிவா?

ஒளி ஏன் நிறம் மாறியது? இங்கேதான் குவாண்டம் வருகிறது. பயப்படாதீர்கள், எளிமையானதுதான்.

நம் யானைமலையை நினைத்துக்கொள்ளுங்கள். பாறைச் சரிவில் எந்த உயரத்தில் வேண்டுமானாலும் நிற்கலாம். படிக்கட்டு அப்படி இல்லை. முதல் படியில் நிற்கலாம், இரண்டாம் படியில் நிற்கலாம். ஒன்றரையாவது படியில் நிற்க முடியாது. அணுக்களின் உலகம் படிக்கட்டு மாதிரி. அங்கே ஆற்றல் படிப்படியாகத்தான் ஏறும், இறங்கும். ஒளியும் சிறு சிறு பொட்டலங்களாகத்தான் வரும். இதைச் சொல்வதுதான் குவாண்டம் இயல். 1900-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் இதற்கு அடிக்கல் நாட்டினார்.

ஓர் ஒளிப் பொட்டலம் மூலக்கூறின் மீது மோதும்போது, சில சமயம் தன் ஆற்றலில் ஒரு படி அளவை அதற்குக் கொடுத்துவிடுகிறது. ஆற்றல் குறைந்தால் நிறம் சிவப்பின் பக்கம் நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால், அந்த மூலக்கூறின் படிக்கட்டு எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். அழுக்கு என்று ஒதுக்கப்பட இருந்த மங்கல் ஒளி, மூலக்கூறுகளின் அடையாளச் சீட்டாக மாறிவிட்டது! மருந்து கலப்படமா என்று பார்க்கவும், ரத்தினக்கல் அசலா என்று பார்க்கவும் இன்றும் இந்த முறை பயன்படுகிறது.

இதற்காக 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசு அவருக்கு மட்டும்தான், கிருஷ்ணனுக்கு இல்லை. ராத்திரி பகலாகக் கூடவே உழைத்தவருக்கு மனம் எப்படி இருந்திருக்கும்? ஆனால் கிருஷ்ணன் அதையே நினைத்து உட்கார்ந்துவிடவில்லை. அதற்குள் அவர் அடுத்த ஆராய்ச்சியில் இறங்கியிருந்தார்.

நூலில் தொங்கிய படிகம்

1928 டிசம்பரில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். டாக்கா இன்று வங்கதேசத்தின் தலைநகர். குவாண்டம் இயலில் பெரும்புகழ் பெற்ற சத்தியேந்திரநாத் போஸ் அங்கேதான் பேராசிரியராக இருந்தார்.

கிருஷ்ணன் அங்கே படிகங்களை ஆராய்ந்தார். கல்கண்டைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுவும் படிகம்தான். சில படிகங்கள் காந்தத்தின் நடுவே வைத்தால் ஒரு திசையில் ஒரு மாதிரியும், வேறு திசையில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். அந்த வித்தியாசத்தை அளந்தால் உள்ளே அணுக்களும் மூலக்கூறுகளும் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதை அறியலாம்.

ஆனால் படிகமோ குட்டியானது. அதன் மீது காந்தம் காட்டும் விசையோ மிகச் சிறியது. அளப்பது எப்படி? தலைமுடியைவிட மெல்லிய ஓர் இழையில் படிகத்தைக் கட்டிக் காந்த முனைகளுக்கு நடுவில் தொங்கவிட்டார் கிருஷ்ணன். இழையின் மேல் முனையை மெல்ல மெல்ல முறுக்குவார். படிகம் காந்தத்தின் பிடியில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்பும். முறுக்கு ஓர் அளவைத் தாண்டியதும், சட்டென்று புரண்டுவிடும்! அந்த நொடியில் எவ்வளவு முறுக்கினோம் என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். மெல்ல நகர்வதைக் கண்ணால் அளந்தால் பிழை வரலாம். சட்டென்று புரள்வதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. பிழை நுழையும் கதவையே சாத்தி வைக்கும் முறை இது.

டாக்காவில் தொடங்கிய இந்த ஆராய்ச்சியைக் கல்கத்தாவிலும் தொடர்ந்தார். 1933-இல் மறுபடி பவ்பஜார் ஆய்வுக்கூடத்துக்கே மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகத் திரும்பியிருந்தார். 1940-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1946-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது.

நாட்டுக்கே ஓர் அளவுகோல்

நாடு விடுதலை அடைந்த காலம். இந்தியாவுக்கென்று ஒரு தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் வேண்டும் என்று முடிவாயிற்று. 1947 ஜனவரி 4 அன்று டெல்லியில் நேரு அடிக்கல் நாட்டினார். அதன் முதல் இயக்குநராக அந்த ஆண்டே பொறுப்பேற்றவர் யார் தெரியுமா? நம் வத்திராயிருப்பு கிருஷ்ணன்தான்! 1950 ஜனவரி 21 அன்று சர்தார் பட்டேல் அதைத் திறந்து வைத்தார்.

அந்த ஆய்வுக்கூடத்தின் முக்கிய வேலை என்ன? நாட்டின் அளவுகளைக் காப்பது. ஒரு மீட்டர் என்றால் எவ்வளவு, ஒரு கிலோ என்றால் எவ்வளவு, ஒரு நொடி என்றால் எவ்வளவு என்று இந்தியாவுக்கு உறுதியாகச் சொல்லும் இடம் அது. மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் தக்காளி நிறுக்கும் எடைக்கல் சரியா என்ற கேள்விக்கு, போய்க்கொண்டே இருந்தால், கடைசி விடை அங்கேதான் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கடிகாரம் காட்டும் இந்திய நேரமும் அங்கிருந்துதான். தேர்தலில் அப்பா, அம்மா விரலில் வைக்கிறார்களே அழியாத மை, அதைக் கண்டுபிடித்ததும் அந்த ஆய்வுக்கூடம்தான்.

கிருஷ்ணன் அங்கே கடுங்குளிர் ஆராய்ச்சிக்கும் வழி செய்தார். 1950-களின் தொடக்கத்தில் ஹீலியம் வாயுவைத் திரவமாக்கும் கருவி அங்கே வந்தது. ஹீலியம் திரவமாக வேண்டுமானால் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 269 டிகிரி செல்சியஸ் வரை குளிர வேண்டும். இந்தக் கடுங்குளிரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

1948-இல் அணுசக்திக் கமிஷன் அமைந்தபோது ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர் ஆகியோரோடு கிருஷ்ணனும் அதில் உறுப்பினர் ஆனார். 1954-இல் பத்மபூஷண் விருது பெற்றார். பட்நாகர் பெயரால் அறிவியல் பரிசு ஏற்படுத்தப்பட்டு, 1958-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் அவரே. இவ்வளவு பொறுப்புகளுக்கு நடுவிலும் ஆராய்ச்சியை விடவில்லை. 1961 ஜூன் மாதம் காலமானார். டெல்லியில் அந்த ஆய்வுக்கூடம் இருக்கும் சாலைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பூவா, தலையா?

இப்போது குவாண்டம் கம்ப்யூட்டருக்கு வருவோம்.

சாதாரண கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் 0, 1 என்ற இரண்டு எண்களாக வைத்துக்கொள்ளும். மேஜை மேல் கிடக்கும் நாணயம் மாதிரி. ஒன்று பூ, இல்லாவிட்டால் தலை. குவாண்டம் கம்ப்யூட்டரில் இருப்பது சுழலும் நாணயம் மாதிரி. சுழலும்போது பூவா, தலையா? இரண்டும் கலந்த நிலை அது. இதற்கு க்யூபிட் என்று பெயர். பல க்யூபிட்கள் சேர்ந்தால், சில வகைக் கணக்குகளைச் சாதாரண கம்ப்யூட்டரைவிட மிக வேகமாகப் போட முடியும். புது மருந்துகளையும் புதுப் பொருள்களையும் ஆராய இது உதவும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

ஆனால் சுழலும் நாணயத்தை லேசாக ஊதினால் என்ன ஆகும்? விழுந்துவிடும். க்யூபிட்டும் அப்படியே. கொஞ்சம் சூடு, கொஞ்சம் அதிர்வு, எங்கிருந்தோ வரும் சிறு காந்தப் புலம், பொருளுக்குள் இருக்கும் ஒரு சின்னக் குறை, எதுவானாலும் கெட்டுவிடும். அதனால்தான் பல குவாண்டம் கம்ப்யூட்டர்களை ஹீலியத்தின் உதவியால், பூஜ்யத்துக்குக் கீழே 273 டிகிரியை ஒட்டிய குளிரில் வைக்கிறார்கள். ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தக் குளிர்தான்! அப்படியும் சில நூறு அல்லது சில ஆயிரம் செயல்களுக்கு ஒரு பிழை வந்துவிடுகிறது.

பிழையைக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதிலும் ஒரு சங்கடம். க்யூபிட்டை நேராகப் பார்த்தாலே சுழற்சி நின்றுவிடும். பார்க்காமலே பிழை எங்கே என்று தெரிய வேண்டும். முடியுமா?

ஒரு விளையாட்டுச் சொல்கிறேன். சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஒரு ரகசியச் சொல்லை மூன்று பிள்ளைகளிடம் சொல்லி, மாசி வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அனுப்புகிறீர்கள். சத்தத்தில் ஒரு பிள்ளை சொல்லை மாற்றிக்கொண்டுவிட்டது. சொல் என்ன என்று நீங்கள் கேட்கக் கூடாது. ஆனால் முதல் பிள்ளையும் இரண்டாம் பிள்ளையும் தங்களுக்குள் ஒத்துப் பார்த்து, ஒன்றா வேறா என்று மட்டும் சொல்லலாம். இரண்டாம் பிள்ளையும் மூன்றாம் பிள்ளையும் அதே போலச் சொல்லலாம். முதல் ஜோடி வேறு என்கிறது. இரண்டாம் ஜோடி ஒன்று என்கிறது. தவறு யாரிடம்? முதல் பிள்ளையிடம்தான்! சொல்லைக் கேட்காமலே பிழையைப் பிடித்துவிட்டீர்கள்.

க்யூபிட்டை இப்படி நகல் எடுக்க முடியாது. ஆனால் ஒரு க்யூபிட்டின் செய்தியைப் பல க்யூபிட்களில் பரப்பி வைத்து, இதே மாதிரி ஒத்துப் பார்க்கலாம். அமெரிக்காவின் பீட்டர் ஷோர் என்ற கணித அறிஞர் 1995-இல் ஒன்பது க்யூபிட்களைக் கொண்டு இதற்கு வழி காட்டினார். 2024 டிசம்பரில் கூகுள் நிறுவனம் 105 க்யூபிட் கொண்ட வில்லோ என்ற சில்லை அறிவித்தது. பிழை திருத்தும் க்யூபிட் கூட்டத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பிழை குறைகிறது என்று அதில் காட்டினார்கள்.

நம் நாடும் சும்மா இல்லை. 2023 ஏப்ரலில் மத்திய அரசு தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,003 கோடி ரூபாய் ஒதுக்கியது. பெங்களூருவில் உள்ள க்யூபிஏஐ என்ற இளம் நிறுவனம் 2025 ஏப்ரலில் 25 க்யூபிட் கொண்ட இண்டஸ் என்ற கம்ப்யூட்டரை அறிவித்தது. ஆனால் பிழையே இல்லாமல் பெரிய கணக்குகளைப் போட இது போதாது. இன்னும் நிறைய தூரம் போக வேண்டும். அந்தத் தூரத்தைக் கடக்கப் போகிறவர்களில் நீங்களும் இருக்கலாம்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

குழந்தைகளே, கிருஷ்ணன் என்ன செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். வந்த விடை விசித்திரமாக இருக்கிறதே என்று அதை அழித்துவிடவில்லை. அவசரப்பட்டு நம்பிவிடவும் இல்லை. சுத்தம் செய்து பார்த்தார். வேறு பொருளில் பார்த்தார். வேறு முறையில் பார்த்தார். எல்லா வழியிலும் ஒரே பதில் வந்த பிறகுதான் உண்மை என்று ஏற்றுக்கொண்டார். குவாண்டம் கம்ப்யூட்டர் செய்கிறவர்களும் ஒன்றோடு ஒன்றை ஒத்துப் பார்த்துத்தான் பிழையைப் பிடிக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் பல வருடங்களாக ஒரு வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். தனி ஊசலோ லென்ஸோ, சோதனை செய்து அளவு எடுப்பார்கள். புத்தகத்தில் உள்ள விடை வரவில்லை என்றால், ரப்பரை எடுத்து அளவை மாற்றி எழுதிவிடுவார்கள். விடை வந்துவிடும், மதிப்பெண்ணும் வந்துவிடும். அறிவியல் மட்டும் போய்விடும்! 1923-இல் அந்த மங்கல் ஒளியை யாராவது இப்படி ரப்பரால் அழித்திருந்தால், பிப்ரவரி 28-க்கு இன்று ஒரு சிறப்பும் இருந்திருக்காது.

ஆகவே அடுத்த முறை உங்கள் அளவு ஒத்துவரவில்லையா? அழிக்காதீர்கள். வந்ததை வந்தபடி தேதியோடு நோட்டில் எழுதுங்கள். நூல் சரியாகக் கட்டியிருக்கிறதா, காற்று அடிக்கிறதா என்று பாருங்கள். மறுபடி அளந்து பாருங்கள். பக்கத்துத் தோழியையும் அளக்கச் சொல்லுங்கள். பிழை உங்களுடையது என்றால் அது எங்கே நுழைந்தது என்று கற்றுக்கொள்வீர்கள். பிழையே இல்லை என்றால், இயற்கை உங்களிடம் ஏதோ புதிதாகச் சொல்ல வந்திருக்கிறது என்று அர்த்தம். இரண்டிலுமே உங்களுக்கு லாபம்தான்!